ஆடி பிறப்பதற்குள் வளைய வேண்டிய ஐஸ்

1

எங்கள் முதலாவது கலியாண நாளைக் கொண்டாட நான் ஒருவன்தான் வந்திருந்தேன். மனைவி தர்மினி திருகோணமலையில். நான் நோர்வேயில், பேர்கன் நகரத்துக் குடிவரவு அலுவலகத்தில், என் இலக்கம் எப்போது திரையில் வரும் என்று பார்த்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தேன். வெளியே மழை. பேர்கனில் மழை பெய்தது என்று எழுதுவது எங்கள் ஊர் நிலாவெளியில் உப்புக்காற்று அடித்தது என்று எழுதுவதைப் போல. யாருக்கும் அது செய்தி இல்லை. கலியாண நாளாயிற்றே என்று புதுச் சேட் போட்டுக்கொண்டு போயிருந்தேன், அதுவும் நனைந்துவிட்டது.

தர்மினியை இங்கே கூப்பிட விண்ணப்பித்துப் பல மாதங்கள் போய்விட்டன. இது கடைசிக் கட்டம் என்றார்கள். எங்களுடையது உண்மையான கலியாணம்தானா, விசாவுக்காகப் போட்ட நாடகமா, பெண்ணை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று என்னை இங்கே விசாரிப்பார்கள். பிறகு அவளைக் கொழும்பில் விசாரிப்பார்கள். இரண்டு கதையும் பொருந்தினால் அவள் வருவாள். பொருந்தாவிட்டால் இந்த மழையில் நான் தனியே நனைய வேண்டியதுதான்.

என்னை விசாரித்த அம்மணி மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார். "மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒன்றாக இருந்த நாட்கள் சொற்பம். அந்த நாட்களிலும் அக்கா வீடு நிறைய விருந்தாளிகள். புது மாப்பிள்ளை படுத்தது விறாந்தையில், இரண்டு பெரியப்பாமாருக்கு நடுவில். அதை அப்படியே சொன்னேன். அம்மணி ஏதோ எழுதினார்.

"உங்களைக் கலியாணம் செய்வதென்று அவர் எப்படி முடிவெடுத்தார்?"

"பனிக்கட்டி வளைந்தது. அதனால்தான்."

அம்மணி பேனையைக் கீழே வைத்தார். கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "ஆறுதலாக, முதலில் இருந்து சொல்லுங்கள்," என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஊரில் இந்தக் கதை ஏற்கனவே பல விதமாக உலாவுவதாகக் கேள்வி.

2

நான் ஐஸில் வேலை செய்கிறேன். இந்த ஒரு வசனத்தால் என் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமில்லை. நிலாவெளியில் கரைவலை இழுத்த வீட்டின் முதல் பட்டதாரி நான். "உவ்வளவு படிச்சுப்போட்டு உவன் ஐஸ்கிறீம் கடையிலயோ நிக்கிறான்?" என்று அயலுக்குள் கேட்டிருக்கிறார்கள். அக்கா அவமானம் தாங்காமல், "ஐஸ்கிறீம் இல்லை, ஐஸ் கொம்பனி. மனேச்சர்!" என்று எனக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டா.

உண்மையில் நான் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப வேலை செய்கிறவன். கிறீன்லாந்தில் மலையளவு தடித்த பனிப்பாளத்தைத் துளைத்து அடி ஆழத்திலிருந்து தண்டு தண்டாகப் பனி எடுத்துவருகிறார்கள். பல்லாயிரம் வருடங்களுக்கு முன் பெய்து, அதன்மேல் பெய்ததன் பாரத்தில் இறுகிக் கிடந்த பனி. அதை வாளால் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து, பொறியில் வைத்துப் பாரம் ஏற்றி, எவ்வளவு தாங்குகிறது, எப்படி உருமாறுகிறது என்று அளப்பது என் வேலை. குளிர் அறைக்குள் போனால் மூக்குமயிரும் விறைக்கும். திருகோணமலை வெயிலில் பிறந்தவன் குளிர்ப்பெட்டிக்குள் பிழைக்கிறான் என்று அனுதாபப்பட வேண்டாம். எனக்கு இந்த வேலை என்றால் உயிர்.

ஏனென்றால் பனி ஒரு விசித்திரப் பிறவி. கெதியாக, அவசரப்பட்டுப் பாரம் போட்டால் கண்ணாடி போல உடையும். கொஞ்சப் பாரத்தைப் போட்டுவிட்டு நாட்கணக்காக அதன் பாட்டில் விட்டால் முறியாமல் வளையும். பெரிய பனிப்பாளங்கள் கடல் பக்கமாக ஊர்ந்து போவதும் இப்படித்தான். ஆழத்துப் பனிக்கு இன்னொரு குணமும் உண்டு. காலம் காலமாக ஒரே பக்கம் தள்ளுப்பட்டதால் அதற்குள் இருக்கும் படிகப் பளிங்குகள் எல்லாம் ஒரே திசை பார்த்துத் திரும்பியிருக்கும். ஒரு சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து வளைத்தால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, கட்டு சுகமாக வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசையாது. இந்தப் பனியும் அப்படி. படுக்க வைத்தால் இளகும், பக்கவாட்டில் வைத்தால் பிடிவாதம் பிடிக்கும்.

அதனால் ஒவ்வொரு துண்டிலும் எது மேல்பக்கம் என்று கறுப்பு மையால் ஓர் அம்புக்குறி போடுவோம். அம்புக்குறியைக் கவனிக்காமல் துண்டை வைத்தவருக்கு எங்கள் கூடத்தில் ஒரு தண்டனை இருக்கிறது. அடுத்த நாள் எல்லாருக்கும் கேக் வாங்க வேண்டும். பெரிய பேராசிரியர்களே வாங்கியிருக்கிறார்கள். நான் மட்டும் ஒருநாளும் வாங்கியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

3

போன வருடம் ஆனியில் லீவில் ஊருக்கு வெளிக்கிட்டபோது ஓர் ஆசை வந்தது. சோதனை முடிந்து மிஞ்சும் துண்டுகளை எறிந்துவிடுவோம். அதில் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோய், நான் ஐஸ்கிறீம் விற்கவில்லை என்று ஒரே அடியாக நிரூபித்துவிட்டால் என்ன? மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே சிலர் ஓம் என்று சொல்லும்போது காற்று வெளியே வராது, உள்ளே போகும். வந்த புதிதில் மனிதருக்கு நெஞ்சு அடைக்கிறதாக்கும் என்று தண்ணீர் எடுக்க ஓடியிருக்கிறேன். இப்போது எனக்கும் அது தொற்றிவிட்டது, என்னை அறியாமல் வந்துவிடும்.

விமானக்காரரிடம் அனுமதி எடுத்து, உள்ளங்கை நீளமும் பெருவிரல் தடிப்பும் உள்ள ஒரு துண்டைக் குளிர்க்கட்டிகளுக்கு நடுவில் அகன்ற வாய்ப் போத்தல் ஒன்றில் அடைத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினேன். சுங்க அதிகாரி போத்தலைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஐஸ்!" என்றேன்.

இலங்கையில் இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் பொலிஸ் எந்தப் போதைத்தூளை நினைக்கும் என்பது வெளியில் இருந்தவனுக்கு உறைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் என்னைச் சுற்றி ஒரு சபை கூடிவிட்டது. ஒரு நாயும் வந்தது. நாய் போத்தலை மணந்து பார்த்துவிட்டு அலட்சியமாகப் போய்விட்டது. மனிதர்கள் போகவில்லை. உண்மையாகவே பனிதான் என்று கண்டதும் அடுத்த கேள்வி வந்தது. எவ்வளவு பழசு? பல்லாயிரம் வருடம் என்றேன். அப்படியென்றால் இது தொல்பொருளா, கொண்டுவர யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குள் வாதம் தொடங்கியது. கடைசியில் வயதான அதிகாரி ஒருவர், சட்டம் தேடி முடிய முதல் பொருள் உருகிவிடும், கெதியாகக் கொண்டு போங்கள் என்று என்னைக் காப்பாற்றினார்.

நிலாவெளியில் அக்கா வீட்டுக்கு வந்தால் மின்சாரம் இல்லை. குளிர்ப்பெட்டி நிறைய மீன். அத்தான் யோசித்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எதற்கும் ஒரு குறுக்குப் பாதை வைத்திருப்பவர்.

"ஐஸை ஐஸ் கொம்பனியில வைக்கிறதுதானே முறை. சீனக்குடாவில தெரிஞ்ச இடம் ஒண்டு இருக்கு. போய்ச் சேட்டை மாத்திக்கொண்டு வா."

"ஐஸ் வைக்க ஏன் சேட்டை மாத்துவான்?"

"சொன்னாச் செய்யன்ரா!"

வெளியே வந்தால் அக்கா பட்டுச்சீலையில் நிற்கிறா. கையில் பழத்தட்டு. "வெறுங்கையோட ஒரு இடத்துக்குப் போகலாமோ?" என்று என் கேள்விக்கு முந்திக்கொண்டா. நான் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை, என் கவனம் முழுக்க ஐஸில்.

4

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அந்த ஐஸ் கொம்பனி. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்கு அங்கேதான் ஐஸ் ஏற்றுவார்கள். ஆள் உயரக் கட்டிகள் பலகையில் வழுக்கிக்கொண்டு வந்து அரைக்கிற மெஷினுக்குள் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்காது. கொம்பனியின் அலுவலகமான கந்தோருக்குள் போனதும் மேசையில் வடை. தட்டில் தேத்தண்ணி. சுவரோரம் ஒரு சித்தப்பா, ஒரு சித்தி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போத்தலை யாரும் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் பொம்பிளை பார்க்க வந்திருக்கிறேன்.

பொம்பிளை கணக்குப் பார்க்கிற மேசைக்குப் பின்னால் இருந்தாள். தகப்பன் இறந்த பிறகு கொம்பனியை நடத்துவது அவள்தான். ஓர்ஸ் ஹில்லில் வீடு, பகல் முழுக்க இங்கே. பெயர் தர்மினி. சுவரோரம் இருந்தது அவளுடைய சித்தப்பாவும் சித்தியும். அத்தான் என் சாதகத்தை மாசியிலேயே கொடுத்துப் பொருத்தம் பார்த்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

"உங்களுக்கு இது தெரியுமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"எனக்கு எல்லாம் தெரியும். உங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாது போல," என்றாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "தம்பிக்கு அங்க நிரந்தர வேலையோ?"

நான் ஓம் சொன்னேன். எந்த ஓம் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். மூச்சு விசுக்கென்று உள்ளே போனது. சித்தி நெஞ்சில் கை வைத்துவிட்டா.

"ஐயோ, மாப்பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, தொய்வோ?"

"இல்லை அன்ரி. இது நோர்வே ஓம்."

தர்மினி சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த தேத்தண்ணி சிந்தியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகவே சொன்னாள்.

"கோவிக்காதேங்கோ. வெளிநாட்டு மாப்பிள்ளையள் எல்லாரும் திரும்பிப் போற ரிக்கற்றையும் கையில வச்சுக்கொண்டுதான் வாறீங்கள். லீவு முடியிறதுக்குள்ள நாங்கள் ஓம் சொல்ல வேணும். அப்பிடி அவசரப்படுத்தினா எனக்கு ஏலாது எண்டுதான் வரும். நாலைஞ்சு பேருக்குச் சொல்லிப்போட்டன். அது கிடக்கட்டும், அந்தப் போத்தலுக்க என்ன?"

அந்தக் கணத்தில் நான் விழுந்துவிட்டேன். ஊருக்கு வந்து நின்ற அத்தனை நேரத்தில் போத்தலைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஐஸ்தானே. இதில என்ன விசேசம்?"

"வளையும்."

"ஐஸ் வளையாது. உடையும். நான் பிறந்ததில இருந்து பாக்கிறன்."

"கெதியாப் பாரம் போட்டா உடையும். ஆறுதலாப் போட்டா வளையும்."

அவள் போத்தலை மூடி என் கையில் தந்தாள். "சரி, எங்கட அறையில வையுங்கோ. நூல் பிடிச்சு, கண்ணாடி வச்சுப் பாக்கிற வளைவு எனக்கு வேண்டாம். வெறுங்கண்ணுக்குத் தெரியிற மாதிரி வளைஞ்சா, பிறகு கதைப்பம்."

எதைப் பற்றிக் கதைப்பது என்று அவள் சொல்லவில்லை. அக்காவும் சித்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே வர முதல் அது, "ஐஸ் வளைஞ்சா ஓமாம்!" என்று ஆகிவிட்டது.

5

ஐஸ் சேர்த்து வைக்கிற அறையின் மூலையில் இரண்டு மரக்கட்டைகளை இடைவெளி விட்டு வைத்தேன். அதன்மேல் பாலம் போல என் துண்டு. நடுவில் கம்பி வளையம் மாட்டி, அதில் ஒரு சின்ன வாளி, வாளிக்குள் கடற்கரை மணல். தர்மினி பக்கத்தில் நின்று ரோச் வெளிச்சம் பிடித்தாள். "இந்த அம்புக்குறி மேல பார்க்க வேணும், இல்லாட்டி வளையாது," என்று சீட்டுக்கட்டு உதாரணத்தோடு விளக்கினேன். "கை ஏன் இப்பிடி நடுங்குது? நோர்வேயில இருக்கிற ஆளுக்குக் குளிருதோ?" என்றாள். குளிரவில்லை, சந்தோசம். துண்டை வைத்துவிட்டு வெளியே வந்தபோது எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தேன் என்பதும் எனக்கு நினைவில்லை.

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். வளையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவளுக்கு நூல் வேண்டாம் என்றாலும் எனக்கு வேண்டுமே. மேலே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேர்க்கோடு. எங்கள் கூடத்துக் குளிர் அறையைவிட இந்த அறை எவ்வளவோ சூடு. இந்தச் சூட்டில் ஆழத்துப் பனி சோம்பல் முறிக்காமல் இருக்கவே கூடாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் கதை துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. ஐஸ் ஏற்ற வருகிற படகுக்காரர் ஒவ்வொருவரும், "வளைஞ்சுதோ மாப்பிள்ளை?" என்று எட்டிப் பார்ப்பார்கள். வளையும் என்றும் வளையாது என்றும் கட்சி பிரிந்து சூடை மீன் பந்தயம் வேறு கட்டினார்கள். வெருகலில் இருந்து நெல் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர், தனக்குச் சம்பந்தமே இல்லாமல், வளையட்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் போனார். அத்தானுக்கோ ஒரே கவலை. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது. ஆடி முடிவதற்குள் என் லீவு முடிந்துவிடும்.

நான் நம்பிக்கை இழந்திருந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். நூலுக்கும் பனிக்கும் நடுவில் ஒரு நகம் போகிற இடைவெளி! நான் போட்ட சத்தத்தில் மெஷின் அரைப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் ஓடி வந்தார்கள். அந்தச் சபைக்கு நான் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். பனிக்கு முதலில் ஒரு தயக்கம் இருக்கும், பளிங்குகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இடைஞ்சல் படும், பிறகு வழி பிறந்ததும் தானாகவே வேகம் எடுக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். மீனவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். தர்மினி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு வாளியைப் பார்த்தாள்.

"அப்பிடியோ? தானாவோ?" என்றாள்.

"ஓம், தானா," என்றேன் பெருமையாக.

6

வளைவு நாளுக்கு நாள் கூடியது. ஆனால் நூல் இல்லாமல் வெறுங்கண்ணால் பார்த்தால் இன்னும் சந்தேகம்தான். ஆனி மாதத்தின் கடைசி நல்ல நாள் வந்துவிட்டது. அன்று காலை நான் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தேன். பேரத்தில் நம்பிக்கை உள்ள கடவுள் எவராவது இருந்தால் கதைத்துப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

நான் இல்லாத நேரம் பார்த்து அத்தானும் சித்தப்பாவும் அறைக்குள் போயிருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் அதுவரை ஒரு விடயத்திலும் ஒத்துப்போகவில்லை, இதில் ஒத்துப்போனார்கள். இராகுகாலம் தொடங்க முதல் ஐஸ் வளைந்துவிட்டால் நல்ல நேரத்திலேயே வெற்றிலை மாற்றிவிடலாம் அல்லவா? கொஞ்சம் உதவி செய்தால் என்ன? மீன் நிறுக்கிற தராசில் இருந்து ஒரு படிக்கல்லை எடுத்து வாளிக்குள் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று போட்டார்கள். அத்தான் மூன்றாவதையும் போட்டார்.

டக் என்ற சத்தம், கோயிலில் இருந்து திரும்பி வாசலுக்கு வந்த எனக்கே கேட்டது. உள்ளே ஓடினேன். என் பனி இரண்டாக முறிந்து மணலுக்குள் கிடந்தது. இரண்டு பெரிய மனிதர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா வந்து பார்த்துவிட்டு, "கடவுளே, முறிஞ்சு போச்சே, அபசகுனமெல்லோ!" என்று அழத் தொடங்கிவிட்டா. எனக்கும் அழுகை வந்தது. பல்லாயிரம் வருடம் ஒரு மலையின் பாரத்தைத் தாங்கின பனி, என் அத்தானின் அவசரத்தைத் தாங்கவில்லை.

தர்மினி வந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். மேசைக் கண்ணாடியின் மேல் துண்டை வைத்து ஒரு நுனியை விரலால் தொட்டாள். மற்ற நுனி மேலே எழும்பியது. விரலை எடுத்தாள், துண்டு தொட்டில் போல ஆடியது. தட்டையான கண்ணாடியில் நேரான பனி ஆடாது.

"இஞ்ச பாருங்கோ," என்றாள். "வளைஞ்சிட்டுது. வளைஞ்ச பிறகுதான் முறிஞ்சது. அதுவும் நீங்கள் ரெண்டு பேரும் அவசரப்பட்டதால." சித்தப்பா தலையைக் குனிந்தார். அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு ஓம். ஆனா இனி ஒருத்தரும் பாரம் போடக்கூடாது. இவர் போயிட்டு வரட்டும். ஆவணி கடைசியில வச்சுக்கொள்ளுவம். கொம்பனியை என்ர தங்கச்சி பார்ப்பாள், நான் நோர்வேக்கு வந்து பாக்கிறன். சரிவராட்டி இவர் இஞ்ச வரட்டும், ஐஸ் அரைக்கிற வேலை குடுப்பன்."

அக்கா அழுகையை நிறுத்தாமலே சிரிக்கத் தொடங்கினா. வெளியே யாரோ வெடி கொளுத்தினார்கள். முறிந்த பனியை என்ன செய்வது என்று சித்தி கேட்டா. எல்லாருக்கும் சர்பத் கரைத்து, ஆளுக்கொரு துணுக்குப் போட்டோம். உருகும்போது உள்ளே அடைபட்டிருந்த பழங்காற்று படபடவென்று வெடிக்கும். அதைக் கேட்க ஒரு கந்தோர் நிறைந்த சனம் கிளாசைக் காதில் வைத்துக்கொண்டு நின்றது.

"இது கோணேசர் மலையை இராவணன் வெட்டேக்க விட்ட மூச்சோ?" என்று சித்தப்பா கேட்டார்.

"அதுக்கும் முந்தினதா இருக்கும் மாமா," என்றேன்.

"அப்ப சிவனே விட்டதுதான்," என்று பக்தியோடு ஒரு மிடறு குடித்தார்.

7

இவ்வளவையும் கேட்ட பேர்கன் அம்மணி, "அடுத்த கிழமை உங்கள் மனைவியிடமும் இதையே கேட்போம்," என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் இருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

அந்தக் கிழமை நண்பன் ரஞ்சன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவனுடைய சின்ன மகளுக்குத் தமிழ் இப்போது அரைவாசிதான், மிச்சத்தை நோர்வேமொழியால் நிரப்பிவிடுவாள். அவள் என்னிடம் தனியாக வந்து, "மாமா, தர்மினி அன்ரி உண்மையா இருக்கிறாவோ, இல்லாட்டி போனுக்குள்ள மட்டுமோ?" என்று கேட்டாள். குடிவரவு அலுவலகத்தின் கேள்வியும் இதுதானே என்று சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

விசாரணை முடிந்ததும் தர்மினி கொழும்பில் இருந்து அழைத்தாள். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம்.

"முடிஞ்சுது. நல்ல மாதிரித்தான் கேட்டவை. ஐஸ் கதையும் சொன்னனான்."

"நானும் சொன்னனான். முதல் தயங்கினது, பிறகு தானா வளைஞ்சது எண்டு."

"தானா எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம். ஏன்?"

"ஐயோ! நான் வேற மாதிரியெல்லோ சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னனீர்?"

"நீங்கள்தானே அம்புக்குறி மேல பார்க்க வேணும் எண்டு படிப்பிச்சுத் தந்தனீங்கள்? படிப்பிச்சுப்போட்டு நீங்களே பக்கவாட்டில வச்சிட்டுப் போயிட்டீங்கள். நாள் போகுது, அது அசையுதில்லை. நீங்களும் சாப்பிடாமத் திரியிறீங்கள். பிறகு ஒருநாள் எல்லாரும் போனாப்பிறகு, நான்தான் வாளியைக் கழட்டி அதைத் திருப்பி வச்சனான்."

அந்தச் சொற்பொழிவு, பனியின் தயக்கம், ஆட்டிய கை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

"ஏன் அப்பவே சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? ஐஸ் வளைய வேணும் எண்டு எனக்கு ஆசையாக் கிடக்கு எண்டு அவ்வளவு பேருக்கு முன்னால சொல்லவோ?"

அந்த நேரத்தில் நான் உலகத்திலேயே சந்தோசமான மனிதன். அடுத்த நிமிடமே பயந்தவனும் நான்தான். இரண்டு கதையும் பொருந்தவில்லையே! அவள் விரும்பித்தான் என்னைக் கட்டினாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதாலேயே அவள் இங்கே வர முடியாமல் போகப் போகிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மணி தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் இருவர் கதையும் ஓர் இடத்தில் மாறுபடுகிறது."

"தெரியும். அவள் சொன்னதுதான் சரி. நான் பிழையான பக்கம் வைத்துவிட்டேன். அது எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. அம்மணி சிரிக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பாடமாக்கிக்கொண்டு வருகிறவர்களின் கதை எல்லா இடத்திலும் பொருந்தும், இப்படி ஓர் இடத்தில் மாட்டாது என்றார். பெண்ணை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாம். அப்படியென்றால் அவள் வரலாமா என்று கேட்டேன். அவர் மூச்சை உள்ளே இழுத்து ஒரு "யா" சொன்னார்.

மறுநாள் காலை கடையிலேயே பெரிய கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். எல்லாரும் கைதட்டினார்கள். இத்தனை வருடத்தில் நான் வாங்கிய முதல் கேக் அல்லவா?

"எந்தத் துண்டை மாறி வைத்தாய்?" என்று மேலதிகாரி கேட்டார்.

"போன வருடம் ஊருக்குக் கொண்டுபோனதை."

"யார் கண்டுபிடித்தது?"

"என் மனைவி. அடுத்த மாதம் வருகிறாள்."

அவளுக்கென்று கேக்கில் ஒரு துண்டை வெட்டிப் பெட்டியில் போட்டுக் குளிர் அறைக்குள் வைத்தேன். பெட்டியில் கறுப்பு மையால் அம்புக்குறி போட்டேன். அது மேலே பார்க்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.